ஒற்றைக் கயிற்றில் தொங்கும் சைக்கிள் சக்கரம் ஏன் சாய்வதில்லை?

தண்டையார்பேட்டையில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வகுப்பில் சார் ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கொண்டுவந்து, ஆக்ஸிலின் ஒரு முனையில் மட்டும் கயிறு கட்டி, சக்கரத்தை நிமிர்த்திப் பிடித்து வேகமாகச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தாராம். சக்கரம் கீழே சாயவில்லை. ஆக்ஸில் படுக்கையாகவே இருக்க, மொத்தச் சக்கரமும் கயிற்றைச் சுற்றி மெதுவாக வந்ததாம். "திருப்பு விசை கோண உந்தத்தின் (சுழலும் பொருளுக்கு உள்ள உந்தத்தின்) திசையை மாற்றுகிறது" என்று சார் விளக்கம் சொன்னார், கணக்கும் வருகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை என்கிறார். எது அதைத் தாங்குகிறது, ஏன் பக்கவாட்டில் போகிறது, ஏன் அந்தத் திசையில் மட்டும் போகிறது, பள்ளிக் கண்காட்சியில் நாங்களே செய்து காட்டலாமா என்பது கேள்வி.

தம்பி, சக்கரத்தின் எடையைத் தாங்குவது கயிறுதான். காசிமேட்டில் மீன் நிறுக்கிறார்களே, அந்தத் தொங்கு தராசு ஒன்றைக் கயிற்றுக்கு மேலே மாட்டிப் பாருங்கள். இரண்டு கிலோ சக்கரம் சும்மா தொங்கும்போது இரண்டு கிலோ காட்டும். சுழன்றபடி கயிற்றைச் சுற்றி வரும்போதும் அதே இரண்டு கிலோதான். கையை எடுக்கிற கணத்தில் தராசு லேசாக ஆடும், அப்புறம் பழைய எண்ணுக்கே வந்து நிற்கும். சுழல்வதால் ஒரு கிராம் எடைகூடக் குறைவதில்லை.

ஆகவே எடை எங்கே போனது என்று தேட வேண்டாம். சாய்வு எங்கே போனது என்றுதான் தேட வேண்டும். கயிறு மேலே இழுப்பது ஆக்ஸிலின் முனையில். பூமி கீழே இழுப்பது சக்கரத்தின் நடுவில். இரண்டுக்கும் இடையே ஒரு பத்து சென்டிமீட்டர் இருக்கும். இரண்டு விசைகளும் அளவில் சரிக்குச் சரி என்பதால் சக்கரம் மொத்தமாகக் கீழே போகாது. ஆனால் ஒரே கோட்டில் இல்லாததால் இரண்டும் சேர்ந்து அதைப் புரட்டப் பார்க்கும். இந்தப் புரட்டலைத்தான் உங்கள் புத்தகம் திருப்பு விசை என்கிறது. சுழலாத சக்கரத்தை விட்டால் உடனே புரண்டு, ஆக்ஸில் செங்குத்தாகி, சக்கரம் கிடையாகத் தொங்கும்.

சுழலும் சக்கரத்திலும் அதே திருப்பு விசை, அதே அளவில், விடாமல் செயல்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதன் பலன் நாம் எதிர்பார்த்த பக்கம் தெரியாமல் வேறு பக்கம் தெரிகிறது. கயிற்றைச் சுற்றி வருகிறதே, அதுதான் அந்தப் பலன். இதைப் பார்ப்பவர்கள் இரண்டு தனித்தனி அதிசயம் நடப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்: சாயாமல் நிற்பது ஒன்று, சுற்றி வருவது இன்னொன்று. இரண்டும் ஒரே விஷயம். சுற்றி வருவதால்தான் சாயாமல் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு கட்டை போதும். சக்கரம் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது, கயிறு கட்டாத ஆக்ஸில் முனையின் வழியில் ஒரு துடைப்பக் கட்டையை நெட்டுக்குத்தாகப் பிடித்து மறியுங்கள். சக்கரம் இன்னும் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். ஆனாலும் பக்கவாட்டில் போக வழியில்லை என்றதும் கட்டையை ஒட்டியபடியே பொத்தென்று சாய்ந்துவிடும், சுழலாத சக்கரம் சாய்வதைப் போலவே. "வேகமாகச் சுழல்வதால் நிற்கிறது" என்ற விளக்கம் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும். அடுத்து, சக்கரத்தை மறுபடி சுற்றிவிட்டு, இந்த முறை அது போகிற போக்கிலேயே பின்னாலிருந்து விரலால் மெல்லத் தள்ளுங்கள். நீங்கள் தூக்கவே இல்லை, பக்கவாட்டில்தான் தள்ளுகிறீர்கள். சக்கரம் மேலே எழும்! கொஞ்சம் பிடித்து இழுத்துத் தாமதப்படுத்தினால் கீழே இறங்கும். இந்தச் சோதனையிலேயே மிக அழகான இடம் இதுதான் என்பேன். பல வகுப்புகளில் இதைக் காட்டுவதற்குள் மணி அடித்துவிடுகிறது என்பது எனக்கு எப்போதும் இருக்கும் வருத்தம்.

சரி, ஏன் பக்கவாட்டில்? வெக்டரும் வலக்கை விதியும் விடையைச் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ரிம்மின் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு அதன் கூடவே ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். டியூபுக்குக் காற்றடிக்கும் வால்வு இருக்கிறதல்லவா, அதையே எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் சைக்கிளில் உட்கார்ந்து முன் சக்கரத்தைப் பார்ப்பதுபோலச் சக்கரத்துக்குப் பின்னால் நிற்கிறீர்கள். கயிறு சக்கரத்துக்கு இடப்பக்கம். சக்கரத்தின் மேல் விளிம்பு உங்களை விட்டு முன்னோக்கி ஓடுகிறது, அடி விளிம்பு உங்களை நோக்கி வருகிறது. இப்போது எடை இந்தச் சக்கரத்தைப் புரட்டப் பார்க்கிறது. புரட்டினால் மேல் பாதி வலப்பக்கம், அதாவது கயிற்றை விட்டு விலகும் பக்கம் தள்ளப்படும். கீழ்ப் பாதி இடப்பக்கம், கயிற்றை நோக்கித் தள்ளப்படும். இதில் சந்தேகம் இருந்தால் சுழலாத சக்கரத்தைக் கையில் பிடித்து மெதுவாகச் சாயவிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வால்வு உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பின் விளிம்பிலிருந்து மேலேறுகிறது, உச்சியைத் தாண்டுகிறது, முன் விளிம்புக்கு இறங்குகிறது. இந்த அரைச் சுற்று முழுக்க அதற்கு வலப்பக்கத் தள்ளல் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. தள்ளினால் ஒரு பொருள் உடனே இடம் மாறிவிடாது. முதலில் வேகம் சேரும், அப்புறம்தான் இடம் மாறும். தள்ளல் மிக அதிகமாக இருப்பது உச்சியில். ஆனால் தள்ளலெல்லாம் சேர்ந்து வலப்பக்க வேகம் மிக அதிகமாவது வால்வு முன் விளிம்பைத் தொடும்போதுதான். அதன்பிறகு அது கீழ்ப் பாதிக்குள் நுழைகிறது. அங்கே தள்ளல் இடப்பக்கம். சேர்ந்திருந்த வேகம் கரைந்து, நேர் அடியில் பூஜ்யமாகி, பின் விளிம்புக்கு வரும்போது இடப்பக்க வேகம் உச்சத்தில் இருக்கும். மறுபடி மேலேறும்போது அதுவும் கரைந்து, உச்சியில் பூஜ்யமாகும்.

வால்வுக்கு நடப்பதுதான் ரிம்மின் ஒவ்வொரு துண்டுக்கும் நடக்கிறது. ஆகவே எந்தக் கணத்தில் பார்த்தாலும் முன் விளிம்பில் இருக்கும் துண்டுகள் வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும், பின் விளிம்பில் இருப்பவை இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கும், உச்சியிலும் அடியிலும் பக்கவாட்டு நகர்வே இருக்காது. முன் பக்கம் வலதுக்கு, பின் பக்கம் இடதுக்கு என்றால் என்ன? ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒடித்தால் முன் சக்கரம் செய்வதுதான் அது. தள்ளல் விழுந்தது மேலேயும் கீழேயும். பலன் தெரிந்தது முன்னேயும் பின்னேயும். துண்டுகள் ஓடிக்கொண்டே இருப்பதால் பலன் கால் சுற்று தள்ளிப்போய்விட்டது. சாய்ந்திருக்க வேண்டிய சக்கரம் அதனால் திரும்புகிறது.

திசைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறது, ஆனால் கயிறு கட்டிய முனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்படியானால் சக்கரத்தின் நடு உங்களை நோக்கிப் பின்னால் வந்தாக வேண்டும். அடி விளிம்பு ஓடுவதும் உங்களை நோக்கித்தான். இதையே ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்: அடி விளிம்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே சக்கரம் கயிற்றைச் சுற்றி நகரும். எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் இதுவும் எதிராகிவிடும். கண்காட்சிக்கு வருகிறவர்களிடம் கையை எடுப்பதற்கு முன் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுவிட்டு அப்புறம் விட்டுக் காட்டுங்கள்.

பிளஸ் ஒன் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மேலே சொன்னதை மட்டும் வைத்து எண் போட்டால் தேவையான திருப்பு விசையில் பாதிதான் கிடைக்கும். உச்சியைக் கடக்கும் துண்டுக்கு இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. ஒன்று, அதன் பக்கவாட்டு வேகம் இடத்துக்கு இடம் மாறுவது. மற்றொன்று, சக்கரம் திரும்பிக்கொண்டே இருப்பதால் அந்தத் துண்டு முன்னோக்கி ஓடும் திசையே வலப்பக்கம் திரும்புவது. இரண்டுக்கும் வலப்பக்கத் தள்ளல் தேவை, இரண்டும் சரிபாதி. கூட்டினால் புத்தகச் சூத்திரம் அப்படியே வந்துவிடும். கல்லூரியில் இதையே கோரியாலிஸ் முடுக்கம் என்று படிப்பீர்கள். வங்கக் கடலில் உருவாகும் புயல் எப்போதும் இடஞ்சுழியாகவே சுற்றுவதற்கும் இதே கோரியாலிஸ்தான் காரணம்.

இனி எண்கள். டயர், டியூபோடு சக்கரம் இரண்டு கிலோ என்றும், அத்தனையும் நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி விளிம்பில் இருப்பதாகவும் எளிமைக்காக வைத்துக்கொள்வோம். நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாறுவதற்குச் சக்கரம் காட்டும் எதிர்ப்பு, 0.18 கிலோகிராம் மீட்டர் ஸ்கொயர். கையால் சுற்றிவிட்டால் நொடிக்கு மூன்று சுற்று வரும் என்று கொண்டால், கோணத் திசைவேகம் நொடிக்குச் சுமார் 19 ரேடியன். பெருக்கினால் கோண உந்தம் சுமார் 3.4. எடை 19.6 நியூட்டன், கயிற்றிலிருந்து நடுவுக்கு 0.1 மீட்டர், ஆகவே திருப்பு விசை ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். இதைக் கோண உந்தத்தால் வகுத்தால் சக்கரம் கயிற்றைச் சுற்றி வரும் வேகம் நொடிக்கு 0.58 ரேடியன். ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 11 நொடி. ரிம்மில் ஒரு துண்டு வண்ணத்தாளை ஒட்டி, செல்போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்தால் நொடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணிவிடலாம். ஹப், ஸ்போக்ஸ் எல்லாவற்றையும் விளிம்பில் இருப்பதாகக் கொண்டுவிட்டதால் உங்கள் அளவீடு கணக்கிலிருந்து கொஞ்சம் விலகும். அந்த விலகலையும் நோட்டில் எழுதி, காரணத்தையும் எழுதுங்கள். கண்காட்சிக்கு வரும் நடுவருக்குச் சரியாகப் பொருந்தும் எண்ணைக் காட்டுவதைவிட அது மேல்.

கூர்ந்து பார்ப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். கையை எடுக்கும்போது சக்கரத்தின் நடு அசையாமல் நின்றது. அடுத்த கணம் பக்கவாட்டில் நகர்கிறது. அந்த இயக்க ஆற்றல் எங்கிருந்து வந்தது? கையை எடுத்ததும் சக்கரம் உண்மையிலேயே கொஞ்சம் சாய்கிறது, அதிலிருந்துதான் வந்தது. மேலே போட்ட அதே எண்களுக்கு அந்தச் சாய்வு சராசரியாக ஒரு டிகிரிதான், நடுப்பகுதி இரண்டு மில்லிமீட்டர் இறங்கும். அதனால் கண்ணுக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தெரிகிறது. விட்டவுடன் ஆக்ஸில் முனையை மட்டும் உற்றுப் பாருங்கள்: நொடிக்கு ஐந்து தடவை என்ற கணக்கில் மேலும் கீழுமாக ஒரு சின்ன நடுக்கம் இருக்கும். இதற்கு நியூட்டேஷன் என்று பெயர். கயிற்றிலும் பேரிங்கிலும் உள்ள உராய்வு சீக்கிரத்தில் அதை அடக்கிவிடும். சீராகக் கயிற்றைச் சுற்றி வருகிற அந்த இயக்கத்துக்குப் பெயர் பிரிசெஷன். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டால் இந்த நடுக்கம் பெரிதாகும், நன்றாகவே தெரியும்.

சக்கரம் வேகம் குறையக் குறைய என்ன ஆகும்? வகுத்தலில் கீழே இருக்கும் கோண உந்தம் குறைகிறது, எனவே சுற்றி வரும் வேகம் கூடுகிறது. சுழற்சி பாதியானால் 11 நொடி ஐந்தரை நொடியாகும். களைத்துப்போன சக்கரம் அவசர அவசரமாகச் சுற்ற ஆரம்பிப்பது பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆனால் பம்பரம் விட்ட எவரும் இதை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். ராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் சந்துக்குள் அபீட் எடுத்து விளையாடிய பிள்ளைகளுக்குத் தெரியும்: சாட்டையிலிருந்து விடுபட்ட பம்பரம் முதலில் நிமிர்ந்து நிற்கும், வேகம் குறைந்ததும் தலையை ஆட்ட ஆரம்பிக்கும், விழப்போகும் நேரத்தில் அந்தத் தலையாட்டல் பெரிதாகி வேகமாகும். அதே வகுத்தல்தான். பம்பரத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. சாய்ந்து விழுந்த பம்பரம்கூட வேகம் இருந்தால் தானாக நிமிர்ந்துகொள்ளும். ஆணி தரையில் உரசும் உராய்வு அதைச் சுற்றி வரும் போக்கிலேயே முன்தள்ளுகிறது, நீங்கள் விரலால் தள்ளியதும் சக்கரம் மேலே எழுந்ததே, அதேபோல. ஊசியாக இருக்கும் ஆணியைவிட மழுங்கிய ஆணிக்குப் பம்பரம் சீக்கிரம் நிமிர்வதற்கும் காரணம் இதுதான். இரண்டு பம்பரம் வாங்கி ஒன்றின் ஆணியைக் கருங்கல்லில் தேய்த்துப் பாருங்கள்.

எடை குறைகிறது என்ற நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இன்னும் அது ஓடுகிறது. எரிக் லெய்த்வெய்ட் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், லீனியர் மோட்டாரில் பெரிய பெயர் வாங்கியவர். 1974-இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் மேடையில், ஒரு தண்டின் நுனியில் வேகமாகச் சுழலும் கனமான சக்கரத்தை அவர் தலைக்கு மேலே சுலபமாகத் தூக்கிக் காட்டினார். நியூட்டன் விதிகளுக்குள் இது அடங்காது என்கிற மாதிரி பேசினார். விஞ்ஞான உலகம் ஏற்கவில்லை, ஏற்காதது சரியே. தண்டின் முனையைப் பிடித்து அத்தனை கனத்தைத் தூக்கும்போது நம் மணிக்கட்டை ஒடிப்பது எடை மட்டுமல்ல, அந்த நீளத்தால் வரும் புரட்டலும்தான். சுழலும் சக்கரம் சுற்றி வர இடம் கொடுத்தால் அந்தப் புரட்டல் பிரிசெஷனாகப் போய்விடுகிறது, கைக்கு மிஞ்சுவது நேராகக் கீழே இழுக்கும் எடை மட்டும். போக்கோடு கொஞ்சம் முன்தள்ளினால் அது மேலேயும் எழும். ஆனால் தூக்குபவர் எடை பார்க்கும் மெஷின்மேல் நின்றிருந்தால் அவர் எடையும் சக்கரத்தின் எடையும் சேர்த்துத்தான் காட்டும். எனவே தொங்கு தராசை மறக்காமல் மாட்டுங்கள். இந்த வாதத்தை முடித்துவைக்க அதைவிட நல்ல கருவி இல்லை.

"சைக்கிள் ஓடும்போது விழாமல் இருப்பதும் இதனால்தானே?" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். அப்படியே ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். டேவிட் ஜோன்ஸ் என்பவர் 1970-இல், எதிர்த்திசையில் சுழலும் கூடுதல் சக்கரம் ஒன்றைப் பொருத்தி இந்த விளைவை அடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார், சைக்கிளை ஓட்ட முடிந்தது. 2011-இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சக்கரம் சுழல்வதால் வரும் இந்தக் கைரோ விளைவே இல்லாத ஒரு சின்ன வண்டியைச் செய்து, ஆள் இல்லாமலே அது விழாமல் ஓடுவதைக் காட்டினார்கள். சாயும் பக்கமே ஹேண்டில்பார் திரும்புவதுதான் சைக்கிளைக் காப்பாற்றுகிறது. அப்படித் திரும்புவதற்குச் சக்கரத்தின் சுழற்சி ஓரளவு உதவும், அவ்வளவே.

நிஜமாகவே இதை நம்பி ஓடுகிற ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் வரும் பெரிய கப்பல்களில் கைரோ காம்பஸ் இருக்கும். இரும்புக் கப்பலில் காந்த ஊசியை அப்படியே நம்ப முடியாது, மேலும் அது காட்டுவது காந்த வடக்கு. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1852-இல் கைரோஸ்கோப் என்று பெயர் வைத்துச் செய்த கருவியே பூமி சுழல்வதைக் காட்டுவதற்காகத்தான். 1908-இல் ஜெர்மனியில் அன்ஷூட்ஸ்-கேம்ஃபேயும் 1911-இல் அமெரிக்காவில் ஸ்பெர்ரியும் அதைக் கப்பலுக்கு ஏற்ற திசைகாட்டியாக்கினார்கள். பூமி மணிக்கு 15 டிகிரி திரும்புகிறது. சுழலும் சக்கரத்தின் அச்சைக் கிடைமட்டத்திலேயே இருக்கும்படி எடையால் கட்டுப்படுத்தினால், பூமி திரும்பத் திரும்ப ஒரு திருப்பு விசை எழும், அந்தத் திருப்பு விசை அச்சைப் பிரிசெஷன் வழியாக உண்மையான வடக்கு நோக்கிக் கொண்டுபோய் நிறுத்தும். வகுப்பில் நீங்கள் பார்த்த பக்கவாட்டு நகர்வேதான் அங்கே வடக்கைத் தேடித் தருகிறது.

இதைவிடப் பெரிய உதாரணம் பூமியேதான். நடுக்கோட்டுப் பகுதியில் பூமி கொஞ்சம் பருத்திருக்கிறது, துருவ விட்டத்தைவிட நடுக்கோட்டு விட்டம் சுமார் 43 கிலோமீட்டர் அதிகம். சூரியனும் சந்திரனும் அந்தப் பருத்த பகுதியை இழுத்து, சாய்ந்திருக்கும் அச்சை நிமிர்த்தப் பார்க்கின்றன. சுழலும் பூமி நிமிராமல் பக்கவாட்டில் நகர்கிறது, அதன் அச்சு ஒரு முழுச் சுற்று வரச் சுமார் 26,000 ஆண்டுகள் ஆகும். இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21, நம் சித்திரை ஒன்றாம் தேதி ஏப்ரல் 14. நடுவில் மூன்று வாரத்துக்கும் மேலான இந்த இடைவெளி பிரிசெஷனால் வந்தது. நம் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறது, பருவமோ பூமி அச்சின் சாய்வைப் பொறுத்தது. சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இரண்டும் விலகுகின்றன. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று போடுவது இந்த விலகலைத்தான், இப்போது அது 24 டிகிரி அளவில் இருக்கிறது.

இனி செய்முறை. கடைகளில் கழித்துப் போட்ட முன் சக்கரமாகக் கேளுங்கள். பின் சக்கரத்தில் ஃப்ரீவீல் இருப்பதால் ஒரு பக்கம் கனம் கூடும், கடகடவென்று சத்தமும் போடும். பழைய கறுப்பு சைக்கிளின் இரும்பு ரிம் அலுமினிய ரிம்மைவிட நல்லது, விளிம்பு கனமாக இருந்தால் பிரிசெஷன் நிதானமாக, பார்க்க வசதியாக இருக்கும். இன்னும் கனம் வேண்டுமென்றால் டயரைக் கழற்றிவிட்டு ரிம் பள்ளத்தில் கட்டுக்கம்பியை ஒரே சீராகச் சுற்றி, மேலே டேப் போட்டு இறுக்கிவிடலாம். ஒரு பக்கம் அதிகமாகச் சுற்றினால் சக்கரம் உதறும். ஆக்ஸிலின் இரு முனையும் பிடிக்கப் போதாது. வியாசர்பாடி பக்கம் லேத் பட்டறையில் கொடுத்தால் ஆக்ஸில் மரையில் திருகிக்கொள்ளும் கைப்பிடி இரண்டு கடைந்து தருவார்கள். கயிறு நழுவாமலிருக்க ஒரு கைப்பிடியில் சின்னக் காடி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கயிறு காசிமேட்டு வலைக்கடைகளில் கிடைக்கும் நைலான் கயிறே போதும், ஆனால் நேராகக் கட்டக் கூடாது. சக்கரம் சுற்றி வரச் சுற்றி வரக் கயிற்றில் முறுக்கு ஏறும், அந்த முறுக்கு பிரிசெஷனைத் தடுக்கும், தடுத்தால் சக்கரம் மெல்ல மெல்லச் சாயும். தூண்டில் சாமான் விற்கிற இடத்தில் ஸ்விவல் என்று கேட்டால், தானே சுழலும் வளையம் தருவார்கள். பெரிய சைஸாகப் பார்த்து வாங்கி நடுவில் கோத்துவிடுங்கள். தொங்கவிடுவதற்குப் பழைய வீடுகளில் தூளி கட்டும் கொக்கி இருந்தால் அருமை. ஃபேன் மாட்டிய கொக்கியில் கட்டவே கூடாது. சுற்றிவிடும்போது ஸ்போக்ஸில் விரல் போகாமல் டயரின் மேல்புறத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சுற்றுங்கள். ஜடையும் துப்பட்டாவும் கட்டியிருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் இரண்டடி தள்ளி நிற்கட்டும்.

அதே சக்கரத்தைச் சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து, இரு கைப்பிடியையும் பிடித்து, தலைகீழாகப் புரட்டினால் நாற்காலியோடு நீங்களும் திரும்புவீர்கள். இது நிறையப் பேருக்குத் தெரிந்த காட்சி. சர்வதேச விண்வெளி நிலையம் எரிபொருள் செலவழிக்காமல் தன் நிலையைத் திருத்திக்கொள்வதும் இப்படித்தான், அங்கே தலா சுமார் 98 கிலோ எடையுள்ள நான்கு சக்கரங்கள், நிமிடத்துக்கு 6,600 சுற்று வீதம் ஓடுகின்றன. நேரம் இருந்தால் இதையும் வையுங்கள், ஆனால் கட்டையால் மறிப்பதையும் விரலால் தள்ளுவதையும் விட்டுவிட்டு இதைச் செய்யாதீர்கள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சக்கரத்தை ஒருமுறை சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய்ப் பெண்ட் எடுத்து, கோனை (ஆக்ஸிலில் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டை)த் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்து, கோன் இறுக்கத்தையும் சரிபார்த்து வாங்கிவிடுங்கள். கோன் ரொம்ப இறுகியிருந்தால் சக்கரம் சீக்கிரம் வேகம் இழந்துவிடும், நீங்கள் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் சாய்ந்துவிடும்.